புது டோனரைத் தேடுவதா, பழைய டோனரைத் தக்கவைப்பதா? சிறு அறக்கட்டளைகளுக்கு ஓர் ஒப்பீடு

சின்ன அறக்கட்டளை நடத்துகிறவர்கள் ஏப்ரல் மாதம் வந்தால் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். முதியோர் இல்லமோ, மாலைநேரப் படிப்பு மையமோ, தெருநாய்க் காப்பகமோ, எதுவாக இருந்தாலும் சரி. "நிதி திரட்டுவதற்கென்று இந்த வருஷம் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கலாம் என்றிருக்கிறோம். அதை ஆன்லைன் பிரச்சாரத்தில் போடலாமா, ஏற்கனவே கொடுத்தவர்களையே திரும்பப் போய்ப் பார்க்கலாமா, மாதாமாதம் கொடுக்கிறவர்களைச் சேர்க்கலாமா, இல்லை ஏதாவது கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணத்துக்கு அலையலாமா?"

சிறு அறக்கட்டளைகளின் கணக்கையும், நன்கொடை தரும் டோனர்களின் பட்டியலையும் பார்த்துக்கொடுப்பது என் வேலை என்பதால் நான்கு வழிகளையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருமுறை கொடுத்தவரிடமிருந்து இரண்டாவது நன்கொடை வருவதற்கான வேலைக்குத்தான் முதல் பணமும் முதல் நேரமும் போக வேண்டும். இது எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

"எவ்வளவு வரும்" என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவர்கள்தான் அதிகம். அது போதாது. வந்ததில் எவ்வளவு கையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து லட்சம் திரட்டினோம் என்பவர்களிடம் விளம்பரம், ஆன்லைன் தளத்தின் கட்டணம், வீடியோ எடுத்த செலவு எல்லாம் போக மிச்சம் என்ன என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும். அப்புறம், அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற சுதந்திரம். சமையல்காரம்மாவின் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் தொட முடியாத பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இல்லத்தின் அன்றாடம் அதனால் ஓடாது.

மூன்றாவதாக, அதே பணம் அடுத்த வருஷமும் வருமா. நான்காவது, கொடுத்தவரின் பெயரும் போன் நம்பரும் யார் கையில் இருக்கிறது, உங்களிடமா, இடையில் இருக்கும் தளத்திடமா. இதைப் பலர் யோசிப்பதே இல்லை, ஆனால் என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். கடைசியாக, உங்களிடம் இருக்கிற ஆளால் அந்த வேலையைச் செய்ய முடியுமா, அதோடு வரும் காகித வேலையைத் தாங்க முடியுமா.

## முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கு

போன நிதியாண்டில் கொடுத்த எல்லோரையும் பட்டியல் போடுங்கள். அவர்களில் இந்த ஆண்டும் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இந்த எண்ணிக்கையைப் போன ஆண்டு கொடுத்தவர்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் தக்கவைப்பு சதவீதம். இந்த ஆண்டு புதிதாக வந்தவர்களை இதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் விலகிப்போனவர்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். மொத்த வசூல் ஏறிக்கொண்டே போகும் அறக்கட்டளைகளில்கூட இந்தச் சதவீதம் இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம்.

கேட்க எளிதாக இருக்கும், செய்ய உட்கார்ந்தால் பெயரில்தான் சிக்கும். ரசீதுப் புத்தகத்தில் "எஸ். குமார்" என்று இருப்பார், வங்கி ஸ்டேட்மென்ட்டில் "சிவகுமார் எஸ்" என்று இருப்பார், இந்த வருஷம் மனைவியின் ஜிபேயிலிருந்து அனுப்பியிருப்பார். எக்செல் இதை மூன்று பேராகக் காட்டும். அதனால் பெயரை அடையாளமாக எடுக்காமல் போன் நம்பரை எடுங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி என்று வையுங்கள்.

வரவேற்பு மேஜையில் இருக்கும் க்யூஆர் அட்டை இன்னொரு பிரச்சினை. யுபிஐ வந்த பிறகு கொடுப்பது எளிதாகிவிட்டது, கொடுத்தவரைத் தெரிந்துகொள்வது கடினமாகிவிட்டது. ஸ்டேட்மென்ட்டில் ஒரு யுபிஐ ஐடியும் பாதிப் பெயரும்தான் விழும். யாரென்றே தெரியாதவரை எப்படித் தக்கவைப்பது? அட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டையும் நூலில் கட்டிய பேனாவையும் வைத்து, "பெயர், போன் நம்பர், எதற்காகக் கொடுக்கிறீர்கள்" என்று மூன்று கட்டம் போட்டுவிடுங்கள். இதில் வரி விவகாரமும் இருக்கிறது. பெயர், முகவரி பதிவு இல்லாத நன்கொடை மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி உண்டு. முழுக்க மதப் பணிக்காக இருக்கும் அமைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு.

இப்போது இந்தச் சதவீதம் என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு எடுத்துக்காட்டுக்கு 400 பேர், ஆளுக்கு வருஷம் 2,000 ரூபாய், மொத்தம் எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒருவரும் வரவில்லை. தக்கவைப்பு 40 சதவீதமாக இருந்தால் அடுத்த வருஷம் 160 பேர், அதற்கடுத்து 64, அப்புறம் 26. நான்கு வருஷத்தில் கிடைப்பது மொத்தம் 13 லட்சம். அதுவே 60 சதவீதமாக இருந்தால் 240, 144, 86 என்று போகும், மொத்தம் 17 லட்சத்து 40 ஆயிரம். நாலு லட்சத்து நாற்பதாயிரம் வித்தியாசம், ஒரே ஒரு புது ஆளைக்கூடத் தேடாமல். 400 என்ற எண்ணிக்கையை அப்படியே நிறுத்த வேண்டுமென்றால் முதல் அறக்கட்டளை ஒவ்வொரு வருஷமும் 240 புதியவர்களைப் பிடிக்க வேண்டும், இரண்டாவதுக்கு 160 போதும்.

அமெரிக்காவில் ஃபண்ட்ரெய்சிங் எஃபெக்டிவ்னெஸ் ப்ராஜெக்ட் என்ற கூட்டுமுயற்சி பல வருஷங்களாக இந்தக் கணக்கைத் தொகுத்து வெளியிடுகிறது. அங்கே ஒட்டுமொத்தத் தக்கவைப்பு நாற்பது சதவீதத்தை ஒட்டியே இருந்து வருகிறது. முதல்முறை கொடுத்தவர்களில் மட்டும் பார்த்தால் திரும்பி வருகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆனால் ஏற்கனவே இரண்டாவது முறையும் கொடுத்துவிட்டவர்களில் பாதிக்கு மேல் தொடர்கிறார்கள். அந்த ஊர்ச் சதவீதத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த வேண்டாம். கவனிக்க வேண்டியது முதல் நன்கொடைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய சரிவை. பெரும்பாலானவர்கள் விலகிப்போவது அங்கேதான். அதைக் கடந்தவர் பெரும்பாலும் நிற்கிறார்.

## நான்கையும் ஒரே பார்வையில்

| | பழையவரைத் தக்கவைத்தல் | புதியவரைத் தேடுதல் | மாத நன்கொடை | சிஎஸ்ஆர் |
|---|---|---|---|---|
| கையில் நிற்பது | அதிகம் | விளம்பரத்தைப் பொறுத்தது, முதல் வருஷம் குறைவு | அதிகம், சிறு தொகையில் கட்டணம் உறுத்தும் | தொகை பெரிது, திட்டத்துக்கு மட்டும் |
| செலவழிக்கும் சுதந்திரம் | பெரும்பாலும் உண்டு | பிரச்சாரம் எதற்கோ அதற்குத்தான் | முழுமையாக உண்டு | மிகக் குறைவு |
| அடுத்த வருஷம் | பாதிக்குமேல் எதிர்பார்க்கலாம், வேலை செய்தால் | தெரியாது | தானாக வரும், அறுந்தால் கவனிக்க வேண்டும் | கம்பெனியின் முடிவு |
| பெயர்ப் பட்டியல் | உங்களிடம் | பல நேரம் தளத்திடம் | உங்களிடம் | ஒன்றிரண்டு பெயர்தான் |
| தேவையான ஆள் | போனில் பேசத் தெரிந்தவர் | வீடியோ, விளம்பரம் தெரிந்தவர் | கணக்கில் கவனமானவர் | அறிக்கை எழுதுபவர் |
| பணம் வர ஆகும் காலம் | வாரங்கள் | நாட்கள் | மெதுவாகச் சேரும் | மாதக்கணக்கு |

## பழையவர்களைத் தக்கவைப்பது

நம் ஊரில் இதற்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் ஆறாம் நாள் மண்டகப்படி இன்னார் குடும்பத்துடையது என்றால் தாத்தா, மகன், பேரன் என்று அது தொடர்கிறது. வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதற்குக் காரணம், ஊர் ஊராக அரிசியும் காய்கறியும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதுதான். கொடுக்கிறவருக்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு உரிமை இருக்கிறது. அதனால் தொடர்கிறார்.

இல்லங்களுக்கு வரும் நன்கொடையிலும் பெரும்பகுதி இப்படித்தான்: பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு, கல்யாண நாளுக்கு இனிப்பு, அப்பாவின் நினைவு நாளுக்கு மூன்று வேளையும். அந்த நாள் அடுத்த வருஷமும் வரத்தான் போகிறது. நாம் அதைக் குறித்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

குறிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நான் கணக்குப் பார்க்கும் ஒரு முதியோர் இல்லத்தில் டோனர் பதிவேட்டில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று தனித்தனிக் கட்டம் இருக்கிறது. திதி பார்த்துக் கொடுக்கிறவருக்குப் போன வருஷத்து ஆங்கிலத் தேதியை வைத்துப் போன் செய்தால் நாள் தாண்டியிருக்கும், அல்லது பல நாள் முன்னால் போய் நிற்கும். நட்சத்திரப் பிறந்தநாளும் அப்படியே. ரமலானில் ஜகாத் கொடுக்கும் குடும்பங்களுக்கு அது வருஷத்துக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகரும், அந்தப் பணத்தை யாருக்குச் செலவிடலாம் என்பதற்கும் அவர்கள் மார்க்கத்தில் வரையறை உண்டு, அதைக் கேட்டுத் தனியாக எழுதி வைக்க வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கொடுக்கிறவர்களுக்குத் தேதி மாறாது. பதிவேட்டைப் பார்க்கும் அம்மா மாதம் பிறப்பதற்கு முன்பே பஞ்சாங்கத்தை எடுத்துவைத்து அடுத்த மாதத்து ஆட்களுக்குத் தேதி போட்டுவிடுவார், பதினைந்து நாள் முன்னால் போன் செய்வார். அவர் பேசுவது இப்படி இருக்கும்:

"அம்மா வணக்கம். போன ஆவணியில அய்யாவோட திதிக்கு மதியச் சாப்பாடு போட்டீங்க. இந்த வருஷம் அது பதினாலாம் தேதி வருதும்மா, பஞ்சாங்கத்துல பார்த்தேன். அன்னைக்கு வேற யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன். உங்களுக்கு எப்படிம்மா வசதி?"

இந்த வருஷம் முடியாது என்று சொன்னால், "பரவாயில்லைம்மா, அய்யா பேரை அன்னைக்குச் சொல்லிக் கும்பிட்டுக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிடுவார். அடுத்த வருஷம் அந்த வீட்டிலிருந்தே போன் வருவதுண்டு. இதில் இல்லத்துக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. ஞாயிறு, அமாவாசை, தீபாவளி, ஜனவரி 1 என்றால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள், செவ்வாய்க்கிழமை ஆளிருக்காது. பழக்கமான டோனரிடம் மட்டும்தான் "தீபாவளிக்கு மூணு பேர் இருக்காங்க சார், அதுக்கு அடுத்த புதன்கிழமை நீங்க எடுத்துக்கிறீங்களா" என்று கேட்க முடியும்.

சாப்பாடு போடாத அமைப்புகளுக்கும் இதே வேலைதான். படிப்பு மையம் என்றால் பள்ளி திறக்கும் ஜூன், காலாண்டுத் தேர்வு, பொதுத்தேர்வு முடிவு வரும் மே. கொடுத்தவருக்கு அந்தந்த நேரத்தில் ஒரு செய்தி போக வேண்டும். ஒரு பையன் போன வருஷம் கூட்டல் போடவே திணறினான், இப்போது வகுத்தல் போடுகிறான் என்று இரண்டு வரி எழுதினால் போதும், பளபளப்பான ஆண்டறிக்கை யாரும் கேட்கவில்லை. நான் பார்த்தவரை டோனர்கள் விலகுவதற்கு வறுமையோ கோபமோ காரணமாக இருப்பது குறைவு. ரசீது வரவில்லை, போன பணம் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை, "காசு வேணும்னா மட்டும் கூப்பிடுறாங்க" என்ற எண்ணம் வந்துவிட்டது. இவைதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. பணம் வந்த இரண்டு நாளுக்குள் ரசீது, ஒரு வாரத்துக்குள் எதுவும் கேட்காத ஒரு நன்றிப் போன், மூன்று நான்கு மாதத்தில் என்ன நடந்தது என்ற செய்தி, அதற்குப் பிறகுதான் அடுத்த கோரிக்கை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வரிச் சான்றும் தக்கவைப்பின் ஒரு பகுதிதான். டோனருக்கு வரி விலக்குத் தரும் 80ஜி பதிவு உள்ள அமைப்பு ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள் 10பிடி என்ற நன்கொடை விவரப் பட்டியலைத் தாக்கல் செய்து, அதிலிருந்து இறங்கும் 10பிஈ சான்றை டோனருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2021-22 நிதியாண்டிலிருந்து நடைமுறை. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பட்டியலில் ஏறாத நன்கொடைக்கு அவர் விலக்குக் கேட்க முடியாது, அப்படி ஒருமுறை ஏமாந்தவர் திரும்பி வருவது கஷ்டம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்குக் கிடையாது என்பதையும், புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி விலக்கே இல்லை என்பதையும் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன, ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. முதலில் ஆள். நன்றாகப் பேசுகிற ஒருவர் தன் சொந்தப் போனிலிருந்து எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தால், அவர் வேலையை விடும் நாளில் உறவுகளும் அவரோடு போய்விடும். அறக்கட்டளையின் பெயரில் ஒரு சிம், ஒரு போன், எல்லாம் பதிவேட்டில். இரண்டாவது, பட்டியலின் வயது. பல அமைப்புகளில் நிறுவனரின் நண்பர்களும் உறவினர்களும்தான் டோனர்கள், அவர்களுக்கு எழுபது வயது ஆகியிருக்கும். தக்கவைப்பு 70 சதவீதம் என்று காட்டும், ஆனால் பட்டியல் சுருங்கிக்கொண்டிருக்கும். அவர்களுடைய பிள்ளைகளின் நம்பரையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, தொடர்பில் இருப்பது என்ற பெயரில் செய்யும் தவறுகள். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பினால் உங்களை மியூட்டில் போட்டுவிடுவார்கள். குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்கள் நன்றி வீடியோவில் பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் காட்டுகிறார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், சாப்பிடும்போது கேமராவைப் பார்த்து நன்றி சொல்லச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பிள்ளை வரைந்த ஓவியத்தை அனுப்புங்கள், டோனர்கள் அதைப் பிரிட்ஜில் ஒட்டிவைப்பார்கள்.

எப்போது இது சரி: குறைந்தது ஐம்பது, அறுபது பேராவது கொடுத்திருக்கிறார்கள், அவர்களின் நம்பர் உங்களிடம் இருக்கிறது என்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

## புதியவர்களைத் தேடுவது

மிலாப், கீட்டோ போன்ற கூட்டுநிதித் தளங்கள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம், கடைவீதியில் மேஜை போடுவது, இசை நிகழ்ச்சி நடத்துவது, எல்லாம் இதில் சேரும். இவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கியபோதும் முன்பின் தெரியாதவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பழைய பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சை, இடிந்த கூரை, இப்படி ஒரே தடவை தேவைப்படும் பெரிய தொகைக்கும் இதுதான் வழி.

ஆனால் செலவைச் சரியாகக் கூட்ட வேண்டும். தளக் கட்டணம், கட்டணமே இல்லை என்று சொல்லும் தளங்களில் டோனரிடம் தளத்துக்கென்று கேட்கும் தொகை, கார்டில் வந்தால் பணத்தைக் கடத்தித் தரும் கேட்வேக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, விளம்பரப் பணம், வீடியோ. இவை கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாதது, பட்டியல். உணர்ச்சிவசப்பட்டு ஐநூறு ரூபாய் கொடுத்தவருக்கு உங்கள் அமைப்பின் பெயர்கூட நினைவிருக்காது, தளத்தின் பெயர்தான் நினைவிருக்கும். சில தளங்கள் டோனரின் முழு விவரத்தை உங்களுக்குத் தருவதில்லை, அடுத்த மாதம் வேறொரு அமைப்பின் பிரச்சாரத்தை அவருக்கு அனுப்பும். ஒப்பந்தம் போடும் முன்பே "கொடுத்தவரின் பெயர், போன், மின்னஞ்சல், பான் விவரம் எங்களுக்குக் கிடைக்குமா, நாங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளலாமா" என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று வந்தால் அந்தப் பணத்தை அவசரத்துக்கு வந்த பணமாக மட்டும் கணக்கிடுங்கள், அடுத்த வருஷத்து பட்ஜெட்டில் எழுதாதீர்கள்.

இன்னொன்று. அழுகிற முகத்தைப் பெரிதாகக் காட்டி வாங்கிய நன்கொடைக்கு அடுத்த தடவை அதைவிடப் பெரிய அழுகை தேவைப்படும். அந்த வழியில் வந்தவரை அமைதியான, அன்றாட வேலைக்குப் பணம் கேட்டு நிறுத்தி வைப்பது ரொம்பச் சிரமம். எப்படிச் சேர்க்கிறோமோ அப்படித்தான் நிற்பார்கள் அல்லது போவார்கள்.

எப்போது இது சரி: அமைப்பு தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தக்கவைக்க ஆளே இல்லை, பேரிடர், ஒரே தடவைச் செலவு, பழைய பட்டியல் வயதாகிச் சுருங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்களைக் கவனிக்க ஆள் ஏற்பாடு செய்த பிறகு இறங்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.

## மாத நன்கொடை

இதைத் தனி வழியாக எழுதினாலும் இது தக்கவைப்பின் தொடர்ச்சிதான். வருஷம் ஒருமுறை 3,000 கொடுக்கிறவரை மாதம் 300-க்கு மாற்றினால் தொகையும் கூடுகிறது, "மறுபடி கேட்பது" என்ற சங்கடமும் போகிறது. சம்பளம், வாடகை, கரண்ட் பில் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல பணம் கிடையாது. 2020-இல் வந்த யுபிஐ ஆட்டோபே இதை எளிதாக்கியது. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் நம்பர் போடாமலே போகும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் டோனருக்குத் தகவல் போகும். பெரியவர்களுக்கு வங்கி வழியாக இ-நாச் (கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் உத்தரவு) போடலாம்.

தானாக வருகிறது என்று கவனிக்காமல் விட்டால் தானாகவே நின்றும் போகும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்தபோது கார்டில் போட்டுவைத்திருந்த பழைய தொடர் உத்தரவுகள் பல ஒரேயடியாகச் செயலிழந்தன. டோனரின் நம்பரைக் கையில் வைத்திருந்த அமைப்புகளுக்குக் கூப்பிட்டுப் பேசிப் புதிதாகப் போட வழி இருந்தது. கார்டு காலாவதி, வங்கிக் கணக்கு மாற்றம், மாதக் கடைசியில் இருப்பு இல்லாமை என்று ஒவ்வொரு மாதமும் சில அறுந்துகொண்டே இருக்கும். இ-நாச் திரும்பினால் பல வங்கிகள் டோனரிடமே சில நூறு ரூபாய் அபராதம் பிடிக்கின்றன. முந்நூறு ரூபாய் தர வந்தவர் அதற்கு மேல் அபராதம் கட்டினால் அவர் மனசு என்ன பாடுபடும்? பிடிக்கும் தேதியைச் சம்பளம் விழுந்த பிறகு, ஐந்திலிருந்து ஏழுக்குள் வையுங்கள். ஒருமுறை திரும்பியதுமே போன் போட்டு, "சார், இந்த மாசம் விட்டுடலாம், அடுத்த மாசத்துல இருந்து பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். நூறு ரூபாய்க்குக் கீழே மாத உத்தரவு வாங்குவதற்கு முன் உங்கள் கேட்வே ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது இது சரி: இரண்டு முறையாவது கொடுத்தவர்களிடம் கேளுங்கள். முதல் நன்கொடை கொடுத்த கையோடு மாதச் சந்தா கேட்டால் பலர் பின்வாங்குகிறார்கள்.

## சிஎஸ்ஆர்

கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுக்குள் வரும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பதால் பணம் இருக்கிறது, அது பொய்யில்லை. அதை வாங்க வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு, அதே வகை வேலையில் மூன்றாண்டு அனுபவம் எல்லாம் வேண்டும். பணம் தவணையாக வரும், திட்டத்தில் எழுதியதற்கு மட்டும்தான் செலவிடலாம், ஒவ்வொரு தவணைக்கும் பயன்பாட்டுச் சான்று. அங்கே உங்களுக்காகப் பேசும் ஒரு அதிகாரி மாறிப்போனால், அல்லது கம்பெனியின் கவனம் கல்வியிலிருந்து தண்ணீருக்குப் போனால், மொத்தமும் ஒரே நாளில் நிற்கும். 400 பேர் சேர்ந்து ஒரே நாளில் விலகுவதில்லை.

கட்டடம், வேன், கம்ப்யூட்டர் லேப், இதற்கெல்லாம் சிஎஸ்ஆர் போல் ஒன்று இல்லை. சம்பளத்தை அதை நம்பி ஓட்டாதீர்கள். ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியிலிருந்து வந்தால் அதை ஆபத்து என்றே நான் சொல்வேன்.

## வெளிநாட்டில் இருக்கும் டோனர் பற்றி

சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பல அறக்கட்டளைகளின் பலம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அங்கே குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது, இருந்தாலும் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் வாங்க வேண்டும். நீண்ட காலம் தொடரும் டோனரிடம்தான் இந்தச் சிக்கல் வரும், ஏனென்றால் பத்து வருஷத்தில் அவருடைய பாஸ்போர்ட் மாறியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கேட்டு, பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நல்ல டோனர் இதைத் தவறாக எடுக்கமாட்டார்.

## சரி, அந்த ஒரு லட்சம்?

ஓரளவு பட்டியல் உள்ள, இரண்டு மூன்று வருஷமாக நடக்கும் அமைப்பு என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். வாரம் மூன்று அரைநாள் வரும் ஒருவருக்கு மாதம் ஏழாயிரம், பத்து மாதத்துக்கு 70,000. அந்த ஆள் உங்கள் ஊர்க்காரராக, பொறுமையாகப் பேசத் தெரிந்தவராக இருந்தால் போதும், டிகிரி தேவையில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர், வங்கி ஊழியர், டீச்சர் இதற்கு அருமையாகப் பொருந்துவார்கள். சிம், தபால், ரசீது அச்சு, வருஷம் இரண்டு கடிதம், இவற்றுக்கு 10,000. ஆட்டோபே ஏற்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் 5,000. மிச்சம் 15,000-ஐ ஆண்டின் பிற்பாதிக்கு எடுத்துவைத்து, பதிவேடு ஒழுங்கானதும் ஒரு சின்ன பிரச்சாரம் நடத்திப் புதியவர்களைச் சேருங்கள்.

புதிய அமைப்பு என்றால் இதைத் தலைகீழாக்குங்கள், பெரும்பகுதி தேடலுக்கு. ஆனால் முதல் ஐம்பது பேரை விளம்பரத்தில் தேடாமல் அறங்காவலர்கள் தங்கள் போனில் இருக்கும் பெயர்களிலிருந்து தேடினால் செலவும் குறையும், பட்டியலும் உங்கள் கையிலேயே இருக்கும்.

எந்த அமைப்பாக இருந்தாலும், புதிய ஆள் வேலைக்கு வந்த முதல் வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். போன வருஷம் முதல்முறையாகக் கொடுத்து, இன்னும் இரண்டாவது முறை கொடுக்காதவர்களின் பெயரை மட்டும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அவர்களில் ரசீது போகாதவர்களுக்கு முதலில் ரசீது. அப்புறம் ஆளுக்கு ஒரு போன், அவர் கொடுத்த பணத்தில் என்ன நடந்தது என்று சொல்ல. அந்தப் போனில் நன்கொடை கேட்கவேண்டாம், அவர் எந்த நாளை நினைத்துக் கொடுத்தார் என்று மட்டும் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.